இலையே இல்லாமல் பூவா?

கேள்வி: இலையுதிர் காலத்தில் பூக்கும் கொல்சிகம் கிழங்கு நட்டேன். இலையே இல்லாமல் மொட்டையாகப் பூ மட்டும் வந்திருக்கிறது. ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறே இல்லை, அதன் சுபாவமே அப்படித்தான். இலை வசந்தத்தில்தான் வரும். அந்த இலைதான் அடுத்த பூவுக்கான சத்தைக் கிழங்கில் சேர்க்கிறது, அதனால் கோடை தொடங்கும்போது அது மஞ்சளாகிச் சரிந்து பார்க்கச் சகிக்காமல் கிடந்தாலும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள், தானாகவே காயட்டும். பிரித்து நடுவதானால் அதற்கப்புறம், கோடையிலேயே, சுமார் 10 செ.மீ. ஆழத்தில், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து நடுங்கள்.

முக்கியமான விஷயம், கொல்சிகம் முழுக்க விஷம். குங்குமப்பூ தரும் குரோக்கஸ் என்று நினைத்து யாரும் பறித்துவிடக் கூடாது. பூவுக்குள் எட்டிப் பாருங்கள்: மகரந்தத் தாள் ஆறு இருந்தால் கொல்சிகம், மூன்றே மூன்று என்றால் குரோக்கஸ்.