வாய்ப்புண், அக்கி, கருப்புப் பூஞ்சை: வாய்நோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அம்மா ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறார். நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை. வழித்தால் சிவந்து எரிகிறது.

பதில்: கேண்டிடா பூஞ்சைதான். இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வைத்து இழுத்து, ஒவ்வொரு முறையும் கொப்பளித்துத் துப்பட்டும். நிஸ்டாடின் என்ற பூஞ்சைக்கான திரவ மருந்து எழுதித் தந்தால் 4 முதல் 6 மி.லி., தினம் நான்கு வேளை, சில நிமிடம் வாயில் வைத்திருக்க வேண்டும். 7 முதல் 14 நாள். கூடவே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டால் மருந்து முறிந்துவிடும், அரைமணியாவது இடைவெளி விடுங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றி அதையும் சுத்தம் செய்யுங்கள். பூஞ்சை அதில் ஒட்டியிருந்து திரும்ப வரும். சர்க்கரையும் பாருங்கள்.

கேள்வி: கடையில் ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை வாங்கிப் போட்டால் போதாதா?

பதில்: வேண்டாம். வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து) சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு வரலாம், கிளிமிபிரைடு (சர்க்கரை மாத்திரை) சாப்பிடுபவருக்கு லோ சுகர் ஆகலாம்.

கேள்வி: அப்பாவுக்குக் கீமோ நடக்கிறது. நெற்றியில் ஒரு பக்கம், மூக்கு நுனியிலும் அக்கிக் கொப்புளம். குயவரிடம் காவி எழுதலாமா?

பதில்: இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மூக்கு நுனிக்குப் போகும் நரம்புதான் கண்ணுக்கும் போகிறது. கண் சிவக்காவிட்டாலும் கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். சாதாரணமாக அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை 800 மி.கி., நாளைக்கு ஐந்து வேளை, 7 நாள். 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. கீமோவில் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஊசியாகவே ஏற்றுவார்கள், கிருமி உடம்பெங்கும் பரவலாம் என்பதால்.

கேள்வி: எங்கள் ஊரில் எழுதித்தானே எல்லாருக்கும் ஆறியது, டாக்டர்?

பதில்: எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறும். காவி எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். கீமோ நோயாளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும். காவிக்கு அடியில் என்ன நடக்கிறதென்றும் தெரியாது. பெரியவர்கள் மனத்திருப்திக்கு என்றால் மருந்து தொடங்கிய பிறகு, புண்ணில்லாத தோலில் எழுதட்டும்.

கேள்வி: நாக்கு வெள்ளையாக இருக்கிறது, என்ன செய்ய?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். சர்க்கரை பார்த்தீர்களா?

கேள்வி: மாமாவுக்குச் சர்க்கரை 400. ஒரு பக்கக் கன்னம் மரத்து, மேல் பற்கள் ஆடுகின்றன.

பதில்: பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். 2021 இரண்டாம் அலையில் பார்த்த கருப்புப் பூஞ்சை இப்படித்தான் தொடங்கும். கருப்பு என்பது பூஞ்சையின் நிறமல்ல, ரத்தக்குழாய் அடைபட்டுச் செத்த சதை. அண்ணம் கறுக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்து சதையெடுத்துப் பார்க்கட்டும், எம்ஆர்ஐயும் வேண்டும். ஃப்ளுகோனசோல், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் இதற்குக் கேட்காது. ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை எதிர்ப்பு ஊசிதான், அதை 5% டெக்ஸ்ட்ரோஸில் கலக்க வேண்டும், சலைனில் கலந்தால் திரிந்துவிடும். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் அளவு), பொட்டாசியம் அடிக்கடி பார்க்க வேண்டும். செத்த சதையை அறுத்தெடுக்காமல் மருந்து மட்டும் போதாது, அங்கே ரத்தமே போகாது. சர்க்கரையை இன்சுலினில் இறக்குவதும் அதே நாளில் தொடங்க வேண்டும்.

கேள்வி: காவியில் மருத்துவ குணமே இல்லை என்கிறீர்களா?

பதில்: அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டார்களா என்பதை முதலில் சொல்லுங்கள்.