மேல் வீட்டு ஒழுகலும் எக்செல் தேதியும்: கேள்வி பதில்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். பிழைப்புக்கு மென்பொருள் சோதிக்கிற வேலை. இரண்டு இடத்திலும் புகார் ஒரே மாதிரிதான் வரும்: "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" குடியிருப்பு, செயலி, கணக்கு எதைப் பற்றியும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு வரை போனவர்கள் வக்கீலைப் பாருங்கள்.

சார், எங்கள் பாத்ரூம் கூரையில் ஈரம் ஊறி, பூச்சு உதிர்கிறது. மேல் வீட்டு மாமி "எங்காத்துல ஒரு சொட்டு ஒழுகலை" என்கிறார். பிளம்பரோ மேலே டைல்ஸ் மொத்தத்தையும் உடைக்கணும் என்கிறார். யாரை நம்புவது?

இப்போதைக்கு இரண்டு பேரையும் விடுங்கள், ஈரத்தைப் பாருங்கள். கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். ஒரு வாரம் போதும். இரவு பகல் பார்க்காமல் ஒரே சீராக ஊறினால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். மேலே குளித்த சில மணி நேரத்தில் கூடி, அவர்கள் ஊருக்குப் போனதும் காய்ந்துவிட்டால், கழிவுநீர் போகும் வழியில் கோளாறு: தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பைச் சுற்றியோ, டைல்ஸ் இடுக்கிலோ, வெஸ்டர்ன் கழிப்பறையின் அடியிலோ. மழைக்கு மட்டும் கூடினால் வெளிச்சுவர் விரிசல். அதில் மாமிக்குச் சம்பந்தமே இல்லை.

குழாயைச் சந்தேகித்தால் உடைக்கும் முன் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பைப்பை அடைத்து, கை பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். தரையைச் சந்தேகித்தால் ட்ராப்பைத் துணியால் இறுக்கி அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விடுங்கள். அதில் கொஞ்சம் சொட்டு நீலம் கலக்கலாம். குழாய் இணைப்பு வழியே வந்தால் கீழே நீலம் தெரியும். கான்கிரீட் வழியே மெல்லக் கசிந்து வந்தால் நிறம் பாதியிலேயே வடிகட்டப்பட்டுவிடும், அதனால் நீலம் வரவில்லை என்பதை வைத்து மாமிக்கு நற்சான்று கொடுத்துவிட வேண்டாம். பென்சில் கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இடுக்கு மட்டும்தான் காரணம் என்றால் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு எபாக்சி என்கிற பிசின் கலவை பூசினாலே பெரும்பாலும் நின்றுவிடும். டைல்ஸ் உடைப்பது கடைசி வழி. செலவைப் பொறுத்தவரை, ஒரு வீட்டுக்குள் மட்டும் ஓடும் குழாய் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு; எல்லா வீட்டுக்கும் பொதுவாக டக்ட்டில் இறங்கும் குழாய் சங்கத்தின் பொறுப்பு. அப்புறம், வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டு ஆகவில்லை என்றால் முதலில் பில்டருக்கு எழுதுங்கள். கட்டுமானக் குறை, வேலைத்தரக் குறை இரண்டையும் தெரிவித்த 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்று ரெரா எனப்படும் 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் மாடியில் கோலிக்குண்டு உருளும் சத்தம். மேலே குழந்தைகளே இல்லை. வீட்டில் பேய் என்கிறார்கள்.

உலகம் முழுக்க அடுக்குமாடிவாசிகள் கேட்கிற சத்தம் இது. ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை முன்னும் பின்னும் போய் மோதும். கிளாம்ப் தளர்ந்த குழாய் அந்த அதிர்வில் சுவரில் இடிக்கும். முதலில் பலமாக, அப்புறம் மெதுவாக, இடைவெளி குறைந்துகொண்டே. அதுதான் கோலிக்குண்டாகக் கேட்கிறது. மோட்டார் நிற்கும்போது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு அடித்து மூடினாலும் இப்படி வரும். பகலில் காய்ந்த கான்கிரீட் இரவில் குளிர்ந்து சுருங்கும்போதும் சத்தம் வருவது உண்டு. பகல் இரைச்சலில் இவை எதுவும் காதில் விழாது.

சத்தம் வரும் நேரத்தைக் குறித்து, வாட்ச்மேன் மோட்டார் போடும், நிறுத்தும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள், கிளாம்ப்புக்குள் ரப்பர் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். மாந்திரீகரைவிட ரப்பர் மலிவு.

நான் ஒரு குடியிருப்பின் பொருளாளர். எக்செல்லில் வீட்டு எண் 1-3 என்று அடித்தால் மார்ச் 1 என்று மாறுகிறது. ஐந்தாவது மாடி ஈ பிளாக் எண்கள் எல்லாம் விநோதமான தசமமாகிவிட்டன. பைத்தியம் பிடிக்கிறது அண்ணா.

உங்களைவிடப் பெரியவர்களையே இது படுத்தியிருக்கிறது. மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப்பெயர்கள் மார்ச்-1, செப்ட்-1 என்கிற மாதிரி இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கி ஆய்வுத் தரவுகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல் மரபணுப் பெயர்களுக்குப் பொறுப்பான குழுவே பெயர்களை மாற்றிக்கொண்டது. மென்பொருளில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி 2023-இல்தான் வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: எண்ணை அடிப்பதற்கு முன் அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட்டை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். முன் என்பதுதான் முக்கியம். மாறிய பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் 1-3 திரும்பி வராது, 45717 மாதிரி ஓர் எண் வந்து நிற்கும். 2025 மார்ச் 1-க்கு எக்செல் உள்ளே வைத்திருக்கும் நாள் கணக்கு அது. ஓரிரு எண்தான் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடித்தால் போதும்.

ஈ பிளாக் கதை வேறு. எண்ணுக்கு நடுவில் ஆங்கில ஈ எழுத்து வந்தால், அதை அறிவியல் குறியீட்டில் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொள்ளும். 5ஈ2 என்பது ஐந்நூறு ஆகிவிடும். எழுத்தை முன்னால் கொண்டுவந்து ஈ-502 என்று எழுதுங்கள், தொல்லை தீர்ந்தது.

வங்கியிலிருந்து இறக்கிய சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, நெடுவரிசையின் வகையை அங்கேயே டெக்ஸ்ட் என்று சொல்லுங்கள். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் சுழியமாக்கிவிடும்.

மெயின்டனன்ஸ் எல்லோரும் யூ.பி.ஐ.யில் போடுகிறார்கள். யார் போட்டது என்றே தெரியவில்லை. மனைவி பெயரில், மகன் பெயரில் வருகிறது. குறிப்பில் வீட்டு எண் எழுதச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

குறிப்பை விடுங்கள். தொகையிலேயே வீட்டு எண்ணை வையுங்கள். மாதம் 4,500 என்றால் 32-ஆம் எண் வீட்டுக்காரர் 4,500 ரூபாய் 32 பைசா போடட்டும். வங்கி அறிக்கையில் பைசாவைப் பார்த்தாலே யார் என்று தெரிந்துவிடும். நூறு வீட்டுக்கு மேல் இருந்தால் பைசா போதாது, ரூபாயில் வையுங்கள். வீட்டுக்கு ஒரு க்யூ.ஆர். கோடு, தொகையோடு சேர்த்து அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் அவர்கள் எண்ணைக்கூட அடிக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம், அரசியல், சண்டை. தண்ணீர் லாரி வரும் செய்தி நடுவில் தொலைந்துபோகிறது.

இரண்டு குரூப். ஒன்றில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று அமைப்பை மாற்றுங்கள்; தண்ணீர், மின்தடை, லிஃப்ட் மட்டும் அதில். மற்றதில் சண்டை போடட்டும். சண்டையே கூடாது என்று விதி போட்ட குடியிருப்புகளில் மூன்றாவதாக ரகசிய குரூப் ஒன்று முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வருகிறவரை உள்ளே விடலாமா என்று கேட்கும் கேட் செயலியில் எனக்கு மட்டும் மணி அடிப்பதில்லை. சாப்பாடு கொண்டுவந்த தம்பி கேட்டிலேயே நிற்கிறார். செக்யூரிட்டியோ "மேடம், நான் அனுப்பிட்டேன்" என்கிறார்.

அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் மேடம். உங்கள் செல் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று செயலியைத் தூங்க வைத்திருக்கும். செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 13-லிருந்து அறிவிப்புக்குத் தனி அனுமதி வேண்டும். முதல்முறை கேட்டபோது வேண்டாம் என்று தட்டியிருந்தால் கடைசி வரை மௌனம்தான். அதோடு, பதில் வராவிட்டால் இரண்டாவது எண்ணுக்கு அழைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. வீட்டில் இன்னொருவர் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

சங்கத்தார் யாராவது படித்தால் ஒரு விஷயம்: வருகிறவர்களின் படமும் எண்ணும் எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது என்று செயலி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. கொரியர் பையனின் படம் ஆண்டுக்கணக்கில் அங்கே கிடக்க ஒரு காரணமும் இல்லை.

சங்கத்தின் பழைய அறிவிப்புகள், தீர்மானங்கள் எல்லாம் தமிழில் இருக்கின்றன. என் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அரைப்புள்ளி நிறைய இருக்கிறது என்றால் அநேகமாகப் பாமினி எழுத்துரு. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்துவைத்தன. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். கணினியைப் பொறுத்தவரை அது வெறும் ஆங்கிலம். எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடுகிறது.

எழுத்துருவை நிறுவிப் படிக்கலாம், ஆனால் அது தற்காலிகம். எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிவிடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதும் ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பாருங்கள். அசல் கோப்பில் ஆங்கிலத்தில் இருந்த லிஃப்ட் நிறுவனத்தின் பெயர், வண்டி எண் எல்லாவற்றையும் அது தமிழ் என்று நினைத்து வாயில் நுழையாத எதையோ ஆக்கியிருக்கும். புதிதாக எழுதுவதைப் பாமினியில் அடிக்காதீர்கள். தமிழக அரசே 2010-இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது, நம் தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பும் வரலாம்.

இரவு எட்டு மணி ஆனால் வைஃபை படுத்துவிடுகிறது. கம்பெனிக்காரர் லைன் சரியாக இருக்கிறது என்கிறார்.

முதலில் லேப்டாப்பை ரூட்டரோடு கேபிளில் இணைத்து வேகம் பாருங்கள். கேபிளிலும் மந்தம் என்றால் கம்பெனியைப் பிடியுங்கள். கேபிளில் வேகம் இருந்தால் உங்கள் எதிரி பக்கத்து வீட்டு ரூட்டர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. உங்களைச் சுற்றி இருபது வீடுகள் அந்த மூன்றில் நெருக்கியடித்துக் கத்துகின்றன. டிவி, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது சுவரைத் தாண்டுவதில் பலவீனம். அதனால்தான் பக்கத்து வீட்டுத் தொல்லையும் குறைவு. ரூட்டரை டிவிக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்குள் ஒளித்துவைக்காதீர்கள்.

எங்கள் சங்கத்தில் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டு நாய் வளர்க்கத் தடை விதித்துவிட்டார்கள்.

செல்லாது. பெரும்பான்மை இருந்தாலும் சங்கம் அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அதே சமயம் வெறிநாய்த் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம், லிஃப்டில் கயிறு, அசுத்தத்தைச் சுத்தம் செய்வது எல்லாம் உங்கள் வேலை. அதைச் செய்யாமல் வழிகாட்டுதலை மட்டும் அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறவர்களால்தான் இந்தத் தீர்மானங்களே வருகின்றன.

திறந்தவெளி கார் பார்க்கிங்கைத் தனியாக 2 லட்சத்துக்கு விற்றார் பில்டர். இப்போது சங்கம் அது பொது இடம் என்கிறது.

வருத்தமான பதில்தான். ரெரா சட்டப்படி திறந்தவெளி பார்க்கிங் பொதுப் பகுதி. மும்பை வழக்கு ஒன்றில் 2010-இல் உச்ச நீதிமன்றம், தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கைக்கூடத் தனியாக விற்க முடியாது என்றது. சங்கம் உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கலாம், உரிமை என்று கேட்க முடியாது. பணம் கொடுத்த ரசீது இருந்தால் பில்டரிடம் கேளுங்கள், சங்கத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

கட்டடம் பழசாகி கம்பி தெரிகிறது. இடித்துக் கட்ட எல்லோரும் தயார், ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

தமிழ்நாட்டில் 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, இப்போது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். அதற்கு முன் சங்கத்தை முறையாகப் பதிவு செய்து வையுங்கள். அப்புறம் அந்த ஒருவரிடம் ஏன் என்று கேளுங்கள். பாதி இடங்களில் காரணம், கட்டி முடிக்கும் வரை வாடகைக்கு எங்கே போவது என்ற பயம்தான். அந்த வாடகையை பில்டர் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதினால் கையெழுத்து தானாக வரும்.

செயலாளர் பதவியை விடப்போகிறேன். எடுத்துக்கொள்ள ஆளில்லை. எப்படி ஒப்படைப்பது?

சாவிக்கொத்து சுலபம். கஷ்டம் எல்லாம் செல்லில்தான். சங்கத்துக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கும் தனி சிம்மும் வாங்குங்கள். மின்வாரிய இணைப்பு, லிஃப்ட் ஒப்பந்தம், கேட் செயலி, கணக்குக் கோப்புகள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். உங்கள் சொந்த எண்ணில் ஓ.டி.பி. வந்துகொண்டிருக்கும் வரை நீங்கள்தான் செயலாளர், யார் என்ன தீர்மானம் போட்டாலும் சரி. வங்கிக் கையெழுத்து மாற்றத்துக்குக் கூட்டத் தீர்மானத்தின் நகல் கேட்பார்கள், அதை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வேறு அட்மின் போடாமல் வெளியேறாதீர்கள். உறுப்பினரில் யாரோ ஒருவருக்குப் பதவி தானாகப் போய்விடும். அவர் போன வருஷமே வீட்டைக் காலி செய்துவிட்டு குரூப்பை விட்டு மட்டும் போகாதவராகவும் இருக்கலாம்.