மைனஸ் 1 செகண்டுல பந்து எங்க இருந்துச்சு?

வணக்கம் சார்,
பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா. 10 மீட்டர் உயர மொட்டைமாடில நின்னு செகண்டுக்கு 5 மீட்டர் வேகத்துல பந்தை நேரா மேல எறிஞ்சா எப்ப தரைல விழும்னு கணக்கு. 2, மைனஸ் 1னு ரெண்டு விடை வந்துச்சு. மைனஸை அடிச்சிடுன்னு டியூஷன்ல சொல்லிட்டாங்களாம். அடிக்கணும்னா அது ஏன் வருதுன்னு என்னை கேக்கறா. எனக்கு சொல்லத் தெரியல.
ஒரு அம்மா

வணக்கங்க,
அந்த மைனஸ் 1 தப்பா வந்த விடை இல்லங்க. புவியீர்ப்பை 10னு வச்சு போட்டிருக்கா (சரியா சொன்னா 9.8), உயரத்துக்கான சூத்திரத்துல அதுல பாதி, அதாவது 5 வரும், தரைன்னா உயரம் 0, அதனால 10 + 5×நேரம் − 5×நேரம்² = 0, அஞ்சால வகுத்தா நேரம்² − நேரம் − 2 = 0. இந்த வரில எறிஞ்ச கை எங்கயாவது இருக்கா பாருங்க. ஜீரோ செகண்டுல பந்து 10 மீட்டர் உயரத்துல இருக்கு, 5 வேகத்துல மேல போகுது, அவ்ளோதான் இருக்கு, மாடிலருந்து எறிஞ்சாங்களா இல்ல கீழருந்து வந்து அந்த வழியா போகுதான்னு எதுவுமே இல்ல.

சரி, கீழருந்து வந்துச்சுன்னே வச்சுக்கங்க. ஒரு செகண்ட் முன்னாடி தெருவுல நின்னு யாரோ 15 வேகத்துல மேல எறிஞ்சிருந்தா, அந்த ஒரு செகண்டுல வேகம் 10 குறைஞ்சு, சரியா 10 மீட்டர் ஏறி, மிச்சம் 5 வேகத்தோட உங்க மாடிய தாண்டிப் போகும். அந்த எறிஞ்ச நேரம்தான் மைனஸ் 1. 2 செகண்டுல தரைல விழும்போது என்ன வேகம்னு அவளையே போடச் சொல்லுங்க, அதே 15 வரும், அது வரும்போது அவ முகத்தை பாருங்க!

ரெண்டு விடைக்கும் நடுவுல 0.5 செகண்ட், அப்பதான் பந்து உச்சில, 11.25 மீட்டர்ல இருக்கு. அங்கருந்து 1.5 செகண்ட் முன்னாடியும் தரை, 1.5 செகண்ட் கழிச்சும் தரை. கலிலியோ சாய்வுப் பலகைல உருண்டைய உருட்டி, ஒவ்வொரு சம நேரத்துலயும் போற தூரம் 1, 3, 5, 7னு கூடுதுன்னு கண்டுபிடிச்சார், கூட்டிட்டே வந்தா 1, 4, 9, 16, எல்லாம் வர்க்கம். பக்கவாட்டுல எறிஞ்சது பரவளையமா (parabola-ங்கற வளைவுல) போகும்னு 1638ல வந்த புத்தகத்துல நிரூபிச்சதும் இதை வச்சுத்தான், அதுவும் நம்மள மாதிரி சமன்பாடு எழுதாம ஜியோமெட்ரிலயே. நம்ம பந்தும் உச்சிலருந்து இறங்கற தூரம் நேரத்தோட வர்க்கப்படிதான், மைனஸ் 1.5ஐ வர்க்கமாக்கினாலும் ப்ளஸ் 1.5ஐ ஆக்கினாலும் ஒண்ணுதான். வர்க்கத்துக்கு முன்னாடி பின்னாடி வித்தியாசம் கிடையாது, அதனாலதான் விடை ஜோடியா வருது. காத்து தடுத்தா இந்த சமச்சீர் போயிடும், ஷட்டில் காக் சரிவா ஏறி செங்குத்தா விழறத பாத்திருப்பீங்க.

பரீட்சைல மைனஸை அடிக்கத்தான் வேணும், கேக்கறது எறிஞ்ச பிறகு நடக்கறத, ஆனா அந்தக் காரணத்தை பக்கத்துல எழுதிட்டு அடிக்கட்டும். அப்புறம் 11 மீட்டர்ல பந்து எப்ப இருக்கும்னு போட்டுப் பாக்கச் சொல்லுங்க, ரெண்டுமே ப்ளஸ்ல வரும், ஒண்ணு ஏறும்போது, ஒண்ணு இறங்கும்போது, எதையும் அடிக்க வேணாம். 12 மீட்டருக்கு போட்டா ரூட்டுக்குள்ள மைனஸ் வரும், பந்து அவ்ளோ உயரம் போறதே இல்ல.