நடப்பதால் பி.பி. ஏறுமா?

கேள்வி: முதல் பிரசவத்தில் எட்டாம் மாதம் பி.பி. ஏறி, 34-வது வாரத்திலேயே சிசேரியன் செய்தார்கள். இப்போது 18-வது வாரம். தினமும் மாலையில் நடக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மெஷினில் பார்த்தால் 142 காட்டுகிறது. பயந்துபோய் மாமியாரின் டெல்மிசார்டான் மாத்திரையில் பாதியை இரண்டு நாள் போட்டேன். டாக்டர் தந்த ஆஸ்பிரினை, ரத்தக்கசிவு வரும் என்று நெட்டில் படித்துவிட்டு நிறுத்திவிட்டேன். கால் வீங்குகிறது, இடுப்பு வலிக்கிறது. படுத்தே இருக்கச் சொல்கிறார்கள். போன தடவையும் ஓடியாடி வேலை செய்ததால்தான் வந்ததா?

பதில்: இல்லை. கர்ப்பத்தில் பி.பி. ஏறும் இந்த நோயின் (ப்ரீ-எக்லாம்ப்சியா) வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்து நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். அவை சரியாக விரியாவிட்டால், 20 வாரத்துக்குப் பிறகு அது தாயின் பி.பி.யில் தெரியவரும். மாடி ஏறியதும் துணி துவைத்ததும் இதற்குக் காரணம் ஆகாது. சொல்லப்போனால், ஒழுங்காக உடற்பயிற்சி செய்யும் கர்ப்பிணிகளுக்கு பி.பி. ஏறும் வாய்ப்பு குறைவு. படுத்தே கிடந்தால் அது தடுக்கப்படாது, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

நடந்து முடித்த கையோடு பி.பி. பார்த்தால் யாருக்கும் கூடுதலாகத்தான் காட்டும். அரை மணி நேரம் கழித்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. மேல்கைச் சுற்றளவு 32 செ.மீ.க்கு மேல் என்றால் மெஷினில் கையில் சுற்றும் பட்டை பெரியதாக வேண்டும். சிறியது பொய்யாகக் கூட்டிக் காட்டும். இப்படிப் பார்த்தும் 140/90 இருந்தால் அன்று நடக்காமல், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். 160/110 என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

அந்த டெல்மிசார்டானை இனித் தொடாதீர்கள். கர்ப்பத்தில் தரவே கூடாத பி.பி. மாத்திரைகளில் அது ஒன்று. தொடர்ந்து சாப்பிட்டால் குழந்தையின் சிறுநீரகம் கெடும், பனிக்குட நீர் வற்றும். இரண்டு அரை மாத்திரையால் பெரிய கெடுதல் நேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த ஸ்கேனில் நீரின் அளவைக் கவனிப்பார். இன்னொருவரின் பி.பி. மாத்திரையைப் போட்டுக்கொள்ளத் துணிந்தவர், உங்களுக்கென்றே எழுதித் தந்த ஆஸ்பிரினைக் கண்டு பயந்தது வேடிக்கைதான்! இரவில் 75 முதல் 150 மி.கி. வரை தரப்படும் அந்தச் சின்ன மாத்திரை, உங்களைப் போல முன்பு பி.பி. வந்தவர்களுக்கு மறுபடி வராமலிருக்கத்தான். நாளைக்கே டாக்டரிடம் பேசி மீண்டும் தொடங்குங்கள்.

ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, கர்ப்பப்பை வாயில் தையல், கடுமையான ரத்தசோகை, இவை எதுவும் இல்லையென்றால் தாராளமாக நடக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம் இலக்கு. ஒரேயடியாக முடியாவிட்டால் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது, அதுதான் வேகம். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள். சட்டென்று நின்றால் தலை சுற்றும். பி.பி.யைச் சட்டென்று எகிற வைப்பது மூச்சை அடக்கிச் செய்யும் எதுவும்: தம் கட்டி நிறைகுடம் தூக்குவது, பிளாங்க், மூச்சை நிறுத்தும் பிராணாயாமம். மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளையும் இனி விட்டுவிடுங்கள். கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும்.

கால் வீக்கம் மாலையில் வந்து காலையில் வடிந்தால் விடுங்கள். பார்லி தண்ணீர் குடிக்கலாம், ஆனால் அது பி.பி.க்கு மருந்தல்ல. உப்பை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. 20 வாரத்துக்குப் பிறகு, நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வரும் வலி. வீட்டில் எல்லோரும் ‘வாயு’ என்பார்கள். ஓமத்திரவம், சோடா, ஆன்டாசிட் என்று ஒரு ராத்திரி போய்விடும். நடக்கிறவர்கள் தசைப்பிடிப்பு என்று எண்ணிக்கொள்வார்கள். தசைப்பிடிப்பு என்றால் நடப்பதை நிறுத்தியதும் குறையும். இந்த வலி படுத்தாலும் விடாது, கூடவே வாந்தி வரலாம். இந்த நோயால் கல்லீரல் வீங்கி அதன் மேலுறை இழுபடுவதால் வருவது அது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) வேகமாகக் குறையலாம். மெஷினில் எண் பெரிதாக ஏறாமலேயே இது வருவதுண்டு, ஆகவே ‘பி.பி. நார்மல்தானே’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பாராசிட்டமாலுக்கு அடங்காத தலைவலி, கண்முன் மின்னல், முகம் திடீரென்று உப்புவது ஆகியவையும் இதே கணக்கில்தான்.

பாதி ராத்திரியானாலும் 108-ஐ அழைத்துப் பிரசவ வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வாயிலிலேயே, “போன பிரசவத்தில் பி.பி. இருந்தது, இப்போது மேல்வயிறு வலிக்கிறது” என்று சொல்லுங்கள். சிறுநீரில் புரதம், தட்டணுக்கள், கல்லீரல் பரிசோதனை மூன்றையும் உடனே பார்ப்பார்கள். பிரசவமான பிறகும் ஆறு வாரம் வரை இதே விதிதான்.