புரோட்டான் சிகிச்சைக்கு 15 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் (மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் ஆண் சுரப்பி) புற்றுநோய், வேறெங்கும் பரவவில்லை. கட்டியின் வடிவத்துக்கேற்ப எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சும் ஐஎம்ஆர்டி கதிர்வீச்சு 20 நாள் கொடுத்தால் போதும் என்கிறார் டாக்டர். செலவு 3 லட்சம். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரோ, “அதில் குடல் வெந்துவிடும், புரோட்டான்தான் கொடுக்கணும்” என்று தினமும் போன் செய்கிறார். எக்ஸ்ரேக்குப் பதில் புரோட்டான் துகள்களைப் பாய்ச்சும் அந்தச் சிகிச்சைக்கு 22 லட்சம். கையில் 7 லட்சம் இருக்கிறது, மீதிக்கு பர்சனல் லோன் தயார். மாமா சொல்லி வாங்கிய மனைக்கும் தங்கைக்குச் செய்த சீருக்கும் ஏற்கெனவே மாதம் 16,000 தவணை போகிறது. சம்பளம் 62,000. கடன் வாங்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். 14 சதவீத வட்டியில் 15 லட்சத்தை 5 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 35,000 கட்ட வேண்டும். மொத்தம் 21 லட்சம். அதில் 6 லட்சம் வட்டி. பழைய தவணையையும் சேர்த்தால் 51,000 போய்விடும். மிஞ்சும் 11,000-ல் குடும்பம் நடக்குமா? சேமிப்பும் காலியாகியிருக்கும்.

மனை, சீர், இப்போது சிகிச்சை. சொந்தத்தில் யாராவது அழுத்திச் சொன்னால் உடனே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். இந்தப் பழக்கம்தான் உங்களைக் கரைக்கிறது. இந்த முறையாவது டாக்டரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பணத்தைத் தொடுங்கள்.

மைத்துனரின் பயம் வெறும் கற்பனை இல்லை. மலக்குடல் புராஸ்டேட்டை ஒட்டியே இருக்கிறது, அதில் கதிர் பட்டால் ரத்தக்கசிவு வரலாம். ஆனால் அமெரிக்காவிலேயே 450 பேரைப் பிரித்து, பாதிப்பேருக்கு புரோட்டானும் மீதிப்பேருக்கு ஐஎம்ஆர்டியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-ல் முடிவு வந்தது: இரண்டு வருடம் கழித்தும் குடல் தொந்தரவில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணுக்கே தெரியாத அந்த வித்தியாசத்துக்குத்தான் நீங்கள் 19 லட்சம் கூடுதலாகத் தரப் போகிறீர்கள். புதுக் கருவி என்றால் உசத்தி என்ற எண்ணத்தில் குடும்பங்கள் கடனில் விழுவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

குடலைக் காப்பாற்ற வேறு வழி உண்டு. புராஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவே ஒரு ஜெல்லை ஊசி மூலம் செலுத்தி, இரண்டையும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலக்கி வைக்கிறார்கள். ஸ்பேசர் என்பார்கள். சுமார் ஆறு மாதத்தில் உடம்பே அதைக் கரைத்துவிடும். 2017-ல் வெளியான ஆய்வில், மூன்று வருடத்துக்குள் லேசான குடல் தொந்தரவாவது வந்தவர்கள் ஜெல் வைக்காதவர்களில் 100-க்கு 9 பேர், வைத்தவர்களில் 2 பேர். ஜெல்லும் எல்லோருக்கும் கட்டாயமில்லை. கட்டி புராஸ்டேட்டின் பின்பக்கத்தைத் தாண்டி வளர்ந்திருந்தால் பொருந்தாமலும் போகலாம். “அப்பாவுக்கு இது தேவையா, மொத்த பில் எவ்வளவு?” என்று டாக்டரிடம் கேளுங்கள். காப்பீடு இருந்தால், ஜெல்லுக்கான பணம் கிடைக்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

காசே ஆகாத பாதுகாப்பும் உண்டு. பொதுவாக மலக்குடல் காலியாகவும் மூத்திரப்பை நிறைந்தும் இருக்கும்படி வரச் சொல்வார்கள். அப்பா 20 நாளும் டாக்டர் சொன்ன அளவு தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். 7 லட்சத்தில் 3 லட்சம் சிகிச்சைக்கு, ஒரு லட்சம் போக்குவரத்துக்கும் மருந்துக்கும். டாக்டர் ஜெல் வேண்டும் என்றால் அதையும் இதிலேயே கொடுங்கள். மீதியை வங்கி டெபாசிட்டில் போடுங்கள். நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் டாக்டரைப் பார்ப்பதும் இன்னும் பல வருடம் தொடரும், அதற்கு அந்தப் பணம் வேண்டும்.