ஏடாட் வழி இணைத்த ப்ரீஆம்பில் ‘டிக்’ ஒலி ஏன் வருகிறது?

எட்டு சானல் ப்ரீஆம்பை (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி), ஏடாட் எனும் டிஜிட்டல் ஒலி இணைப்பு முறையில், ஆப்டிகல் கேபிளால் ஆடியோ இன்டர்ஃபேஸுடன் (ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் கருவி) இணைத்த பின், பதிவில் அவ்வப்போது ‘டிக்’ என்ற ஒலி கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரு கருவிகளும், மாதிரி எடுக்கும் வேகத்தை நிர்ணயிக்கும் தத்தம் உள் கடிகாரத்தில் ஓடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். 48 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலி அலையின் அளவீடுகள்) எடுக்கப்படுகையில், இரண்டின் கடிகாரப் படிகங்களும் பத்து லட்சத்தில் 10 பங்கு வேறுபட்டாலே, ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒரு மாதிரி கூடியோ குறைந்தோ போய், அவ்விடத்தில் அலை முறிகிறது. நீட்டி வாசித்த புல்லாங்குழல் சுரத்தில் அந்த முறிவு துல்லியமாகக் கேட்கும்.

ஆகவே ப்ரீஆம்பைத் தலைமைக் கடிகாரமாக வைத்து, இன்டர்ஃபேஸின் கிளாக் சோர்ஸை (எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்ற அமைப்பை) ஏடாட் என மாற்றுங்கள். ஒலியுடன் கடிகாரத் துடிப்பையும் அதே கேபிள் சுமந்து வருவதால் வேறு இணைப்பு வேண்டியதில்லை. சாம்பிள் ரேட் (நொடிக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை) இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். விலையுயர்ந்த தனிக் கடிகாரம் இதற்குத் தேவையே இல்லை.