மாலம் மலைச் சுற்று: கேள்வி பதில்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவில் மாலம் என்றொரு சிறு கிராமம். அதைச் சுற்றியிருப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல் மலைகள். காலையில் அங்கே புறப்பட்டு, மலையைச் சுற்றி, மாலையில் அங்கேயே வந்து சேரும் நடையைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. பல பருவங்களில் நான் நடந்த பாதை இது.

அண்ணா, எங்கே தொடங்கி எப்படிச் சுற்றுவது? கோயில் மாதிரி வலஞ்சுழியாகவா?

இல்லை, இங்கே இடஞ்சுழியாகப் போங்கள். கிராமத்தில் தொடங்கி ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சிறு அருவி, அப்புறம் கோர்டேல் ஸ்கார் என்ற ஆழமான மலையிடுக்கு, மேலே மாலம் டார்ன் ஏரி, வாட்லோஸ் என்ற வறண்ட பள்ளத்தாக்கு, கடைசியாக மாலம் கோவ் என்ற பாறைச்சுவர். சுமார் 12 கி.மீ. இந்தத் திசையைச் சொல்வதற்குக் காரணம் கோர்டேல். அங்கே கையால் பிடித்து ஏற வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. ஈரப் பாறையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. இப்படிப் போனால் அந்த இடத்தில் ஏறுவீர்கள்; களைத்திருக்கும் மாலையில் கோவ் பக்கம் உள்ள சுமார் 400 கல்படிகளில் இறங்கினால் போதும்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

1892-இல் நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இந்தச் சுற்றுக்கு அந்தக் கணக்கில் மூன்று மணி நேரம் வரும். ஆனால் அது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. சாப்பாடு, படம் எடுப்பது, கல்தளத்தில் அடி பார்த்து வைப்பது எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரம் வையுங்கள்.

ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஒரு நவம்பரில் நான் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி, வாட்லோஸ் பள்ளத்தாக்கிலேயே இருட்டில் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து தலையில் கட்டும் டார்ச் என் பையில் எப்போதும் இருக்கும். குளிர்காலத்தில் ஒன்பது மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

எட்டு வயதுப் பையனும் அம்மாவும் வருகிறார்கள். கோர்டேலில் ஏற முடியுமா?

கட்டாயம் போய்ப் பாருங்கள். ஏற வேண்டுமா என்பதை அங்கே முடிவு செய்யுங்கள். இருபுறமும் நூறு மீட்டர் அளவுக்குப் பாறை எழுந்து தலைக்கு மேல் சாய்ந்து நிற்கும். அடிவாரம் வரை சமதளப் பாதைதான், அம்மா தாராளமாக வரலாம். ஏறும் இடம் கீழ் அருவியை ஒட்டிய டூஃபா பாறை. தண்ணீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு படிந்து படிந்து உண்டான கல் அது. பிடிப்பு நிறைய உண்டு. ஆனால் பலர் கைபட்டு வழவழத்துப் போயிருக்கிறது. முந்தைய இரண்டு நாள் மழை பெய்து, ஏறும் வழியிலேயே தண்ணீர் விழுந்தால், எவ்வளவு பழகியவராக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

திரும்பினாலும் நடை கெடாது. வந்த வழியே கோர்டேல் பாலத்துக்கு வந்தால், பக்கத்திலிருந்தே மாலம் கோவ் நோக்கி ஒரு நடைபாதை மேலேறுகிறது. ஏரி விட்டுப்போகும், சுற்று சுமார் 8 கி.மீ. ஆகச் சுருங்கும். உங்கள் குடும்பத்துக்கு நான் இந்தச் சுற்றையே சொல்வேன்.

ஏரியிலிருந்து வரும் ஓடை நடுவழியில் மறைந்துவிடுகிறதாமே? அதுதான் கோவ் அடியில் வெளியே வருகிறதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சுண்ணாம்புக்கல் தண்ணீரைத் தேக்காது, வெடிப்புகள் வழியே உள்ளே விட்டுவிடும். அப்படியானால் 377 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரி எப்படி? அந்த ஏரிக்கு அடியில் மட்டும் தண்ணீர் இறங்காத பழைய சிலேட்டுப் பாறை இருக்கிறது. ஓடை தெற்கே கொஞ்ச தூரம் வந்து சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும், வாட்டர் சிங்க்ஸ் என்ற இடத்தில் கற்களுக்கு நடுவே இறங்கிப் போய்விடும். முதல் முறை பார்த்தபோது அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தண்ணீர்தான் கோவ் அடியில் வருகிறது என்று நினைக்கத் தோன்றும். சாயம் கலந்து பார்த்ததில், அது கிராமத்துக்கும் தெற்கே ஏர் ஹெட் என்ற ஊற்றில் வெளியே வருவது தெரிந்தது. கோவ் அடியில் வருவது வேறோர் இடத்தில் மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர்.

கோவ் சுமார் 80 மீட்டர் உயரம். பனியுகத்தின் கடைசியில் உருகிய நீர் அதன் மேலிருந்து அருவியாக விழுந்தது. இன்று வறண்ட பாறை. டெஸ்மண்ட் புயலின்போது, 2015 டிசம்பர் 6-ஆம் தேதி, நிலத்தடி வழிகள் நிரம்பி, இன்றுள்ளவர்கள் கண்டிராத அந்த அருவி சில மணி நேரம் மறுபடி விழுந்தது.

அப்படியானால் வழியில் குடிதண்ணீர்?

ஓடை நீரைக் குடிக்காதீர்கள், மேலே எங்கும் ஆடு மேய்கிறது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கிராமத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் இன்னும் அரை லிட்டர்.

நாயைக் கூட்டிப் போகலாமா, அக்கா வீட்டு லாப்ரடார்?

கோர்டேலில் ஏற வைக்க வேண்டாம், 8 கி.மீ. சுற்றில் போங்கள். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மலைவெளியில் குட்டைக் கயிற்றில் பிடித்திருப்பது சட்டம். ஆடுகள் பக்கத்தில் எப்போதுமே அப்படித்தான். கன்றோடு இருக்கும் மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீர்கள்.

போனில் மேப் போதாதா?

போதாது. பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது. பிரிட்டிஷ் அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல். 2 காகித வரைபடம் வாங்குங்கள். மூடுபனியில் கோவ் உச்சிக்குப் போக நேர்ந்தால் விளிம்பை விட்டு நன்றாக விலகியே நில்லுங்கள், அங்கே வேலி கிடையாது. விபத்து நடந்தால் 999 அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேளுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், காசு வாங்குவதில்லை.

எந்த மாதம் நல்லது?

மே. ஜேனட்ஸ் ஃபாஸ் போகும் காடெல்லாம் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்து, வாசனை தூக்கும். கோவ் பாறையில் பொரி வல்லூறுகள் குஞ்சு வளர்க்கும் காலமும் அதுதான்; பைனாகுலர் எடுத்துப் போங்கள்.

கோவ் உச்சியில் இருக்கும் கல்தளத்திலிருந்து நினைவாக ஒரு கல் எடுத்துவரலாமா?

வேண்டாம். தோட்ட அலங்காரத்துக்காக இந்தக் கற்களைப் பெயர்த்தே பல இடங்கள் அழிந்துபோயின. இப்போது சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கிளின்ட் என்னும் கல்பாளங்களுக்கு நடுவே கிரைக் என்னும் ஆழ்ந்த பிளவுகள் ஓடும். மழை பெய்திருந்தால் பாளங்கள் சோப்பு போல வழுக்கும், பிளவில் கால் போனால் கணுக்கால் முறியும். ஆகவே காட்சியை நின்று பாருங்கள், நடக்கும்போது காலடியை மட்டும் பாருங்கள். உங்கள் பையனைக் குந்த வைத்து ஒரு பிளவுக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஆடு ஒரு புல்லைக்கூட விட்டுவைத்திருக்காது. உள்ளே ஈர நிழலில், நாக்கு வடிவ இலையோடு பெரணிகள் பச்சைப்பசேலென்று நிற்கும்.